காரடையான் நோன்பு: நேரம் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

மாசி கடைசி வாரம் வந்துவிட்டால் குன்னூரில் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடும்: "இந்த வருஷம் நோன்பு எத்தனை மணிக்கு?" ஒருவர் தினசரி காலண்டர் தாளைப் படமெடுத்துப் போடுவார். இன்னொருவர் சென்னையில் இருக்கும் நாத்தனார் சொன்ன நேரத்தை எழுதுவார். இரண்டும் ஒத்துப்போகாது. அதற்குள் எங்கிருந்தோ ஒரு ஃபார்வர்டு வந்து விழும்: சரியாக இந்த நிமிடத்தில் சரடு கட்டாவிட்டால் கணவருக்கு ஆகாது என்று. கல்யாணமாகி முதல் நோன்புக்குக் காத்திருக்கும் பெண் அதைப் படித்துவிட்டு மிரண்டு போகிறாள்.

இந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை. நோன்பின் நேரத்தை எதை வைத்துக் குறிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அதற்குப் பெரிய சோதிட அறிவு வேண்டாம். கூட்டல் தெரிந்தால் போதும்.

முதலில், இது என்ன நோன்பு?

மாசி மாதம் முடிந்து பங்குனி பிறக்கும் வேளையை ஒட்டிப் பெண்கள் இருக்கும் விரதம் இது. ஆங்கிலத் தேதியில் மார்ச் 14 அல்லது 15. கல்யாணமானவர்கள் கணவரின் நீண்ட ஆயுளுக்காகவும், ஆகாதவர்கள் நல்ல கணவன் அமைய வேண்டும் என்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஐயர், ஐயங்கார் வீடுகளில் பார்க்கலாம், வேறு சில சமூகங்களிலும் உண்டு. சாவித்திரி நோன்பு, காமாட்சி நோன்பு என்ற பெயர்களும் இதற்குத்தான்.

விடிந்ததிலிருந்து நோன்பு நூற்கும் வரை சாப்பாடு கிடையாது. நோன்பு நூற்பது என்றால் பூஜை செய்து, சரடு கட்டிக்கொண்டு, அடை சாப்பிட்டு விரதத்தை முடிப்பது. சரடு என்பது மஞ்சள் தடவிய நூல். அதன் நடுவில் ஒரு மஞ்சள் துண்டும் பூவும் முடிந்திருக்கும். வீட்டில் எத்தனை பெண்களோ அத்தனை நுனி இலை, அம்பாளுக்குத் தனியாக ஒன்று. இழைக்கோலம் போட்டு, இலையில் வெல்ல அடை, உப்பு அடை, ஓரமாக ஒரு உருண்டை வெண்ணெய், வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நைவேத்தியம் செய்வார்கள். முதல் சரடு அம்பாள் படத்துக்கு. பிறகு பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கட்டிவிடுவார்கள். சில வீடுகளில் கணவர் கட்டிவிடுவார்.

அப்போது சொல்லும் வேண்டுதல் பாட்டிமார் வாய்வழியாக வந்தது: "உருகாத வெண்ணெயும் ஓரடையும் நான் நூற்றேன், ஒருக்காலும் என் கணவர் என்னைப் பிரியாதிருக்க வேண்டும்." சமஸ்கிருத சுலோகமும் ஒன்று உண்டு. அது தெரியாதவர்கள் இந்தத் தமிழ் வரியை மட்டும் சொன்னாலே போதும் என்பதுதான் நான் பார்த்த வீடுகளின் வழக்கம்.

"உங்க ஊர் கர்வா சௌத்தா இது?"

குன்னூருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரில் வெல்லிங்டன். ராணுவப் பணியாளர் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் அங்கே இருப்பதால் வட இந்தியக் குடும்பங்கள் நிறைய. அக்டோபர் அல்லது நவம்பரில் அந்த வீட்டுப் பெண்கள் கர்வா சௌத் இருப்பார்கள். ஆகவே மார்ச்சில் நாம் சரடு கட்டுவதைப் பார்த்ததும் இந்தக் கேள்வி இயல்பாக வருகிறது. நம் பெண்களே "ஆமாம், அதேதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். நோக்கம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் குறிக்கும் முறை முற்றிலும் வேறு. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

கர்வா சௌத் சந்திரனை வைத்தது. பௌர்ணமி கழிந்து நான்காம் நாள், சூரிய உதயத்திலிருந்து நிலா எழும் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, சல்லடை வழியாக நிலாவைப் பார்த்துவிட்டு, கணவர் கொடுக்கும் தண்ணீரில் விரதத்தை முடிப்பார்கள். நிலா கண்ணில் பட வேண்டும். அந்த மாதங்களில் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகுமா என்று இரவு ஒன்பது மணிக்கு ஸ்வெட்டரும் சால்வையுமாக மொட்டைமாடியில் நிற்கும் பெண்களை நினைத்தால் மனசுக்கு என்னவோ போலிருக்கும்.

காரடையான் நோன்பு சூரியனை வைத்தது. இதில் வானத்தைப் பார்த்து எதையும் உறுதிசெய்ய வேண்டியதில்லை. மழையோ பனிமூட்டமோ நோன்பைத் தள்ளிவைக்காது. அது ஒரு கணக்கு.

சாவித்திரி பெயரில் வடக்கிலும் ஒரு விரதம் உண்டு. வட சாவித்திரி என்று ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டுவார்கள். சில மாநிலங்களில் வைகாசி மாதத்தை ஒட்டி வரும் ஜ்யேஷ்ட அமாவாசையில், மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் அதே மாதப் பௌர்ணமியில். கதை நம்முடையதுதான், ஆனால் நாள் சந்திரக் கணக்கு. தமிழகத்தின் பல சமூகங்களிலும் இலங்கைத் தமிழர்களிடமும் பரவலாக உள்ள கேதார கௌரி விரதமும் தீபாவளியை ஒட்டிய அமாவாசையில் முடிவதால் சந்திரக் கணக்குதான். திருமணத்தை ஒட்டிய பெரிய விரதங்களில் காரடையான் நோன்பு தனித்து நிற்பது இந்தச் சூரியக் கணக்கால்.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நிலாவுக்கும் இந்த நோன்புக்கும் சம்பந்தமில்லை.

மாதம் பிறப்பது ஒரு கணத்தில்

மேட்டுப்பாளையத்தில் ஏறி குன்னூர் வரும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். கல்லாறு கோவை மாவட்டம், பர்லியாறு நீலகிரி. நடுவில் எங்கோ எல்லை. பயணம் ஒன்றரை மணி நேரமானாலும் எல்லையைத் தாண்டுவது ஒரு கணம்தான். காலை வண்டி காலையில் தாண்டும், கடைசி வண்டி இரவில் தாண்டும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் தாண்டியது தாண்டியதுதான்.

சூரியன் ராசி மாறுவதும் அப்படித்தான். பூமி சூரியனைச் சுற்றி வருவதால், நட்சத்திரங்களின் பின்னணியில் சூரியன் மெல்ல நகர்வதுபோல நமக்குத் தெரிகிறது. அந்த வட்டப் பாதையை 12 சம பாகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு ராசி, 30 டிகிரி. சூரியன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகரும். ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குள் நுழையும் கணத்துக்குச் சங்கிரமணம் என்று பெயர். தை பிறப்பது மகரத்தில் நுழையும்போது, சித்திரை பிறப்பது மேஷத்தில் நுழையும்போது. கும்ப ராசியில் சூரியன் இருக்கும் காலம் மாசி. அது மீனத்துக்குள் நுழையும் கணத்தில் மாசி முடிகிறது, பங்குனி பிறக்கிறது.

அந்தக் கணம் பகல் 12 மணிக்கும் வரலாம், நடு இரவிலும் வரலாம். நம் கடிகாரத்தை அது பார்ப்பதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "காலண்டர்ல அன்னிக்கே பங்குனி ஒண்ணுன்னு போட்டிருக்கே, மாசி முடிஞ்சு போச்சே, எப்படி நோன்பு இருக்கிறது?" என்று கேட்பார்கள். மாதம் பிறப்பது கணத்தில் என்றாலும், தேதி போடுவதற்கு முழு நாள் வேண்டுமல்லவா? தமிழ்நாட்டு வழக்கப்படி, சங்கிரமணம் சூரிய அஸ்தமனத்துக்கு முன் வந்தால் அன்றே முதல் தேதி, பின் வந்தால் மறுநாள் முதல் தேதி. ஆகவே சங்கிரமணம் நண்பகலில் வரும் ஆண்டில் தாளில் பங்குனி 1 என்று இருந்தாலும், அன்று காலை முழுக்க உண்மையில் மாசிதான்.

ஆண்டுக்கு 6 மணி நேரம்

சரி, நேரம் ஏன் மாறிக்கொண்டே போகிறது? சூரியன் 12 ராசிகளையும் சுற்றி அதே இடத்துக்கு வர 365 நாளும் 6 மணி நேரமும் சுமார் 9 நிமிடமும் ஆகிறது. நம் சுவர்க் காலண்டர் 365 நாளோடு ஆண்டை முடித்துவிடுகிறது. மீதி 6 மணி நேரம் அடுத்த ஆண்டின் சங்கிரமணத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி கடந்த ஆண்டுகளைப் பாருங்கள். 2023இல் மார்ச் 15 காலை 6.45 மணியை ஒட்டி. 2024இல் மார்ச் 14 நண்பகல் 12.45 போல. 2025இல் மார்ச் 14 மாலை 7 மணியை ஒட்டி. 2026இல் மார்ச் 14 நள்ளிரவு தாண்டி, அதாவது 15ஆம் தேதி அதிகாலை 1 மணிக்குச் சற்றுப் பின். காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு. ஆறு ஆறு மணி நேரமாக நகர்வது கண்ணுக்கே தெரிகிறது.

2023க்கு அடுத்து தேதி 15இலிருந்து 14க்குப் பின்னால் போனதையும் கவனித்திருப்பீர்கள். 2024 லீப் ஆண்டு, பிப்ரவரியில் ஒரு நாள் கூடுதல். நான்கு ஆண்டில் சேர்ந்த நான்கு ஆறு மணி நேரத்தை அந்த ஒரு நாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் 2020இல் நண்பகலை ஒட்டி வந்தது 2024இலும் நண்பகலை ஒட்டியே வந்தது. 2028இலும் மதியம்தான் வரும். அந்த 9 நிமிட மிச்சம் மட்டும் தீராமல் சேர்வதால், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அரை மணிக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும்.

கல்யாணமான வருடத்தில் மாமியார் எத்தனை மணிக்குச் சரடு கட்டிவிட்டார் என்று நினைவிருந்தால், நான்கு நான்காகக் கூட்டிப் பாருங்கள். அதே பொழுது திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அந்த நேரம் ஒரு கெடு

மாசி இருக்கும்போதே சரடு ஏற வேண்டும் என்பதுதான் வழக்கத்தின் சாரம். "மாசிக் கயிறு பாசி படியும்" என்று பழமொழியே இருக்கிறது. மாசியில் கட்டிய கயிறு பாசி படியும் அளவுக்கு நெடுங்காலம் கழுத்தில் நிலைக்கும் என்ற நம்பிக்கை. ஆக, பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் சங்கிரமண நேரம் ஒரு கெடு. அதற்குள் முடித்துவிட வேண்டும். அந்த நிமிடத்தில்தான் முடிச்சுப் போட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். பத்து நிமிடம் முன்னால் கட்டினாலும் மாசிதான்.

நள்ளிரவில் சங்கிரமணம் வரும் ஆண்டுகளில் இரண்டு வழக்கமும் உண்டு. சில வீடுகளில் கடைசி வேளை வரை விழித்திருந்து நோன்பு நூற்பார்கள். பல வீடுகளில் மாலையிலேயே விளக்கேற்றியதும் முடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் மாசி இருக்கிறது. கைக்குழந்தைக்காரியையும், சர்க்கரைக்கு மாத்திரை போடும் அறுபது வயதுப் பெண்ணையும் இரவு ஒரு மணி வரை பட்டினி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு மாலை நோன்பே சரி. அதுவும் முடியாதவர்கள் பழம் சாப்பிட்டுவிட்டு இருக்கட்டும். அன்று பால், மோர் சேர்க்காத வீடுகள் உண்டு, அங்கேயும் பழத்துக்குத் தடை இல்லை.

கர்ப்பிணிகள் டாக்டர் சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் முறை. கணவனின் ஆயுளைக் கேட்கிற விரதத்தில் மனைவியின் உடம்பைக் கெடுத்துக்கொள்ள யாரும் சொல்லவில்லை.

இரண்டு பஞ்சாங்கம், பல ஊர்

ஒரே ஆண்டுக்கு இரண்டு நேரம் வருவது ஏன்? தமிழகத்தில் இரண்டு வகைப் பஞ்சாங்கம் புழக்கத்தில் இருக்கிறது. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பது வாக்கியம். இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிப்பது திருக்கணிதம். இரண்டுக்கும் ஆண்டின் நீளத்திலேயே சில நிமிட வேறுபாடு உண்டு. கிரக நிலையிலும் உண்டு. அதனால் சங்கிரமண நேரமும் மாறும். எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். உங்கள் வீட்டில் திதி, திருவாதிரைக்கு எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறீர்களோ அதையே இதற்கும் பாருங்கள்.

ஊருக்கு ஊர் நேரம் மாறுமா என்றால், மாறாது. நிலா எழும் நேரம் குன்னூருக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று. சூரியன் மீனத்தில் நுழையும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று. ஆகவே சென்னை நாத்தனார் சொல்லும் நேரமே குன்னூருக்கும், ஒரே பஞ்சாங்கமாக இருந்தால். வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் தங்கள் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 2026இல் நமக்கு 15ஆம் தேதி அதிகாலை 1.08 என்றால், அதே கணம் லண்டனில் 14ஆம் தேதி இரவு 7.38, நியூஜெர்சியில் 14ஆம் தேதி பிற்பகல் 3.38. அங்கிருக்கும் மகள் இந்திய நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு அலாரம் வைத்தால், அவளுக்கு மாசி எப்போதோ முடிந்திருக்கும்.

சுருக்கமாக: கணம் ஒன்று, கடிகாரங்கள் பல. பஞ்சாங்கம் எதுவோ அதற்கேற்ற கெடு, அதற்குள் சரடு.

நாளை எண்ணிய சாவித்திரி

இவ்வளவு நேரக் கணக்கு ஒரு பூஜைக்குத் தேவையா என்று தோன்றலாம். கதையைப் படித்தால் பொருத்தம் புரியும். மகாபாரதத்தின் வனபர்வத்தில் மார்க்கண்டேயர் தருமருக்குச் சொல்லும் கதை. மத்ர நாட்டு அரசன் அசுவபதியின் மகள் சாவித்திரி, தனக்கான கணவனைத் தானே தேடிப் புறப்படுகிறாள். நாட்டையும் கண்ணையும் இழந்து காட்டில் வாழும் துயுமத்சேனனின் மகன் சத்தியவானைத் தேர்ந்தெடுக்கிறாள். இன்றிலிருந்து சரியாக ஓராண்டில் அவன் இறப்பான் என்று நாரதர் சொல்கிறார். தந்தை வேறொருவனைப் பார்க்கச் சொல்கிறார். அவள் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்து அவள் செய்ததுதான் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும் இடம். அந்த ஓராண்டும் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வருகிறாள். கணவனிடமும் சொல்லவில்லை, மாமனார் மாமியாரிடமும் சொல்லவில்லை. இன்னும் நான்கே நாள் என்று கணக்கு வந்ததும் மூன்று இரவு விரதம் எடுக்கிறாள். நான்காம் நாள், கோடரியுடன் காட்டுக்குக் கிளம்பிய கணவனோடு தானும் போகிறாள். நாளை விட்டிருந்தால் கதையே இல்லை.

பட்டினி மட்டும் சத்தியவானை மீட்கவில்லை. உயிரைக் கொண்டுபோகும் யமன் பின்னாலேயே நடந்து, தருமத்தைப் பற்றி அவள் பேசிய பேச்சுதான் மீட்டது. மகிழ்ந்த யமன் வரம் கொடுத்துக்கொண்டே வருகிறான். மாமனாருக்குக் கண், இழந்த நாடு, தந்தைக்கு நூறு பிள்ளைகள். பிறகு தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள் கேட்கிறாள். அதையும் யமன் கொடுத்துவிட்டான். கணவன் இல்லாமல் அது எப்படி நடக்கும்? கடைசியில் சத்தியவானின் உயிரையே விட வேண்டியதாயிற்று. அசட்டுப் பயத்தோடு இருக்கிற விரதத்துக்கும் இந்தப் பெண்ணுக்கும் தூரம் அதிகம்.

மகாபாரதத்தில் அடை கிடையாது. காட்டில் கிடைத்ததை வைத்து அவள் அடை செய்து படைத்தாள் என்பது நம் வீடுகளில் சேர்ந்த கதை.

மலையில் அடை வேகும் விதம்

நேரக் கணக்கு இங்கே சமையலிலும் வந்து சேர்கிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 94 டிகிரி போலக் கொதித்துவிடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர், இன்னும் ஓரிரு டிகிரி குறைவு. ஆவியின் சூடும் அதே அளவு குறையும். கீழே பழகிய கைக்கணக்கில் காராமணியைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால், கெடு நெருங்கும்போதும் அது கடுக் கடுக்கென்றே இருக்கும்.

காராமணியை வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, குக்கரில் வைப்பதுதான் இங்கே சரிப்படும். மலர வேண்டும், குழையக் கூடாது. அரிசி மாவைச் சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வெல்லம், இரண்டு பங்கு தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, தேங்காய்ப் பல், ஏலக்காய், காராமணி போட்டுக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவிக் கிளறினால் கட்டியில்லாமல் சுருண்டு வரும். உப்பு அடைக்கு வெல்லத்துக்குப் பதில் கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலைத் தாளிப்பு. இலையில் தட்டி, நடுவில் விரலால் ஒரு ஓட்டை போட்டு, இட்லித் தட்டில் வையுங்கள். அந்த ஓட்டை வழியாக ஆவி ஏறுவதால் நடுப்பாகம் மாவாக நிற்காது. கீழே பத்து நிமிடத்தில் வேகும் என்றால் இங்கே இன்னும் ஐந்து நிமிடமாவது விடுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, மேலே பளபளப்பு வந்திருக்க வேண்டும்.

வெண்ணெய் விஷயத்தில் நமக்குத்தான் அதிர்ஷ்டம். மார்ச் வெயிலில் மதுரையில் இலையில் வைத்த வெண்ணெய் வேண்டுதல் சொல்லி முடிப்பதற்குள் வழியத் தொடங்கும். இங்கே உருகாத வெண்ணெய் உருகாமலே இருக்கும்.

2027இல் திருக்கணிதப்படி சங்கிரமணம் மார்ச் 15 திங்கட்கிழமை காலை 7 மணிக்குச் சற்றுப் பின். விடிந்து முக்கால் மணி நேரத்துக்குள் கெடு. பட்டினி என்று பெரிதாக இருக்காது, ஆனால் அடை அதற்குள் வெந்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வாழையிலையை ஞாயிறன்றே மார்க்கெட்டில் வாங்கிவிடுங்கள். மாவை அன்றே வறுத்து, வெல்லத்தைத் தட்டி, தேங்காயைப் பல்லாகக் கீறி வைத்துவிட்டு, காராமணியை இரவு படுக்கும் முன் வெந்நீரில் போட்டுவிட்டால், காலை 4.30க்கு அடுப்பைப் பற்றவைத்துக்கூட 6.45க்குள் சரடு கட்டிவிடலாம்.